வாசலில் துப்பிய இஞ்சி

கேலோவா
8 ஜூன் 1986

அத்தைக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத்தான் உங்களுக்குத் தோன்றும். அப்பா போன பிறகு அவருடைய பிள்ளை அவருடைய ஊரில் கால் வைக்கக் கூடாது. அந்த மண்ணில் விளைந்ததைத் தின்னக் கூடாது. அவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது. கடிதம் எழுதக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. மருந்து நிலையத்து நர்ஸ் லொசானே வாராவாரம் உங்கள் பக்கம் படகில் வருவதால் அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

எனக்குள் அது வந்துவிட்டது, அத்தை. அம்மாவுக்கும் அவளுடைய அம்மாவுக்கும் வந்தது.

மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் உடம்பு பாயிலேயே கிடக்கிறது, நான் கூரைக்கு மேலே நிற்கிறேன். முதல் தடவை கனவு என்று விட்டுவிட்டேன். அடுத்த தடவை தோபெலா மாமா கரையில் உட்கார்ந்து தோணிக்குத் தார் பூசுவதை மேலிருந்து பார்த்தேன். விழித்ததும் ஓடிப் போய்ப் பார்த்தேன். மாமாவின் கை முழங்கை வரை தார்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் சந்தோஷப்பட்டாள். அப்பா போனதிலிருந்து நான் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. "பயப்படாதடி, உடம்பைப் பத்திரமா மூடி வெச்சுட்டுப் போகக் கத்துக்கிட்டா போதும்" என்றாள். அன்றே பாடம் தொடங்கிவிட்டது. எந்த இலையை மெல்ல வேண்டும், எந்தக் காற்றில் வெளியே போகக் கூடாது, வழி தவறினால் எதைப் பிடித்துத் திரும்ப வேண்டும் என்று. பிறகு ஒன்று சொன்னாள். தூங்குகிறவர்களின் நெஞ்சுக்குள் கையை விட்டு உயிரை எப்படி எடுப்பது என்பதையும் எனக்குக் காட்டித்தான் தருவாளாம். தெரிந்தவளால்தான் செய்யாமல் இருக்க முடியுமாம்.

அப்போதுதான் கேட்டேன், அப்பா எப்படிச் செத்தார் என்று. அவள் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

அப்பாவின் உடம்பை உங்கள் ஊருக்குத் தோணியில் ஏற்றிய அன்று, கரையில் எல்லாருக்கும் எதிரே நீங்கள் அம்மாவைக் கைநீட்டிச் சொன்னீர்கள்: "என் தம்பியைத் தின்னவ இவதான்." அது உண்மையா அத்தை? உண்மையென்றால் எனக்குள் வந்திருப்பது எனக்கு வேண்டாம். வேறு யாரிடமும் இதை நான் கேட்க முடியாது.

சினெலா


புவேதா
17 ஜூன் 1986

சினெலா,

உன் எழுத்து இன்னும் வலப்பக்கம் சரிந்துதான் விழுகிறது. சிலேட்டில் எழுதப் பழக்கிய காலத்திலேயே சொன்னேன், நீ கேட்கவில்லை.

கிழிக்கவில்லை. ஒரு வாரம் பாய்க்கு அடியில் வைத்திருந்தேன். நீ என் தம்பியின் மகள்தான். ஆனால் அவள் பால் குடித்து வளர்ந்தவள், அவள் வழியில் சேர்ந்தவள். உன்னோடு எதுவரை பேசலாம் என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு வருடம் மனைவி ஊர், ஒரு வருடம் தன் ஊர். இதுதான் நம் தீவுகளில் எல்லாரும் செய்வது. உன் அப்பன் உங்கள் ஊரிலேயே வருடக் கணக்காகக் கிடந்தான். இங்கே என் கிழங்குத் தோட்டத்துக்கு வேலி கட்ட ஆளில்லாமல் பன்றி புகுந்து கிளறியது. எங்கள் அம்மாவின் கருமாதி விருந்துக்குக் கடைசி ஆளாக வந்தான். தின்றுவிட்டு, கடல் நீர் வடிவதற்குள் தோணியைத் தள்ளிவிட்டான். ஒரு நாள் இருந்துவிட்டுப் போடா என்று கெஞ்சினேன். "டெலிமா தேடுவாக்கா" என்று உன் அம்மா பெயரைச் சொன்னான். மீசை நரைத்த ஆம்பளை.

நான் ஒரு கூடை கிழங்கோடு உங்கள் வீட்டுக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். அவனை அனுப்பி வை என்று உன் அம்மாவிடம் கேட்டேன். அவள் பாக்கு நறுக்கிக் கொடுத்துவிட்டு, "அவரு போகணும்னா போகட்டும், நானா பிடிச்சு வெச்சிருக்கேன்" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அவனுக்குத் தாடை பூட்டிக்கொண்டது. தண்ணீர்கூட இறங்காமல் செத்தான். பறக்கிறவளோடு வாழ்ந்தவனுக்கு வேறு எப்படிச் சாவு வரும், நீயே சொல்.

அவள் இன்னும் அவனை விடவில்லை. எங்கள் ஊர் நடுவில் கல்மேட்டில் அவனைப் புதைத்திருக்கிறோம். மதியம் ஊரே அடங்கியிருக்கும்போது அங்கே ஒரு குளிர்ந்த காற்று வந்து உட்காருகிறது. நாய்கள் அந்தப் பக்கம் போவதில்லை. கல் இடுக்கில் புல் பிடுங்கிக் கிடக்கிறது. மிச்சத்தையும் தோண்டித் தின்ன வருகிறாள்.

ஒவ்வொரு தாய்வழிக்கும் ஒரு வித்தை உண்டு. உங்களுக்குப் பறப்பது, எங்களுக்குக் கட்டுவது. அவள் வெளியே போகாதபடி கட்ட என்னால் முடியும். கட்டினால் உனக்குள் வந்ததும் தானே வாடிவிடும். வேண்டுமென்றால் எழுது. வேண்டாமென்றால் இதை அடுப்பில் போட்டுவிடு.

பொனாயா


கேலோவா
26 ஜூன் 1986

அத்தைக்கு,

உடனே எழுத முடியவில்லை. நேற்றுவரை வேண்டாம் என்றுதான் எழுத இருந்தேன். அம்மா தினமும் எனக்குத் தேங்காயெண்ணெய் தடவித் தலைவாரி விடுகிறாள். முன்பெல்லாம் வாரும்போது முடியைப் பிடித்து இழுப்பாள். இப்போது மெதுவாக வாருகிறாள். வாரிக்கொண்டே, "நீயும் நானும் மட்டுந்தாண்டி மிச்சம்" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டே உங்கள் கடிதத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேற்று மழையில் கூரை ஒழுகியது. ஓலையைச் செருக ஏறினேன். நடுவிட்டத்தின் மேலே வாழைநார் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தேன். உள்ளே முடி. நரை கலந்த சுருட்டை முடி, ஏதோ இலையோடு சேர்த்து எண்ணெயில் ஊறவைத்து முடிச்சுப் போட்டது. அது யாருடைய முடி என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டுதானே அவர் தோளில் உட்கார்ந்து தோட்டத்துக்குப் போவேன்.

அப்படியே திரும்ப வைத்துவிட்டு இறங்கினேன். அம்மா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒழுகறது நின்னுச்சா?" என்று கேட்டாள். நின்றுவிட்டது என்றேன்.

அனுப்புங்கள். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்ல வேண்டும். அவளுக்கு வலிக்குமா?

சினெலா


புவேதா
1 ஜூலை 1986

சினெலா,

வலிக்காது. கட்டுவது உயிரின் நடமாட்டத்தைத்தான், உடம்பை அல்ல.

இதோடு வரும் இலைப்பொட்டலத்தில் இஞ்சி இருக்கிறது. சொல்ல வேண்டியதை அதற்குள் சொல்லிவிட்டேன், நீ எதுவும் சொல்ல வேண்டாம். அவள் தூங்கும் நேரத்தில் மென்று வாசற்படியில் துப்பு. விழுங்கிவிடாதே. பிறகு வாயைக் கடல் நீரில் கொப்பளி.

முடியைப் பற்றி எழுதியிருக்கிறாய். இந்த இரண்டு வருடமும் நான் நினைத்தது சரிதான் என்று ஆகிவிட்டது. அதை நீயே உன் கண்ணால் பார்த்தது நல்லதாகப் போயிற்று.

பொனாயா


கேலோவா
9 ஜூலை 1986

அத்தை,

அம்மா எழுந்திருக்கவில்லை.

முந்தாநாள் மதியம் அவள் படுத்தாள். மூச்சு மெதுவானதும் நான் மென்று படியில் துப்பிவிட்டுக் கடலுக்கு ஓடினேன். அவள் ஏற்கெனவே வெளியே போயிருந்தாள் என்பதை நான் யோசிக்கவில்லை. உள்ளே இருக்கும்போது கட்டினால் வெளியே போக முடியாது. வெளியே இருக்கும்போது கட்டினால் உள்ளே வர முடியாது. இது உங்களுக்குத் தோன்றவில்லையா?

சாயங்காலம்வரை தூங்குகிறாள் என்று மாமா விட்டுவிட்டார். பிறகு உலுக்கினார், முகத்தில் தண்ணீர் தெளித்தார். கண்ணைத் திறந்து பார்த்தால் கண் இருக்கிறது, அவள் இல்லை. நேற்று நர்ஸ் லொசானே வந்து பார்த்துவிட்டு, அலோட்டாவ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். மாமாவும் நானும் பாயோடு தூக்கினோம். வாசற்படியைத் தாண்டுவதற்குள் அவள் மூச்சு நின்று உதடு நீலமாகிவிட்டது. பின்னால் இழுத்ததும் மூச்சு வந்தது. திரும்பவும் தூக்கிப் பார்த்தோம், திரும்பவும் அப்படியே. இது தன் மருந்துப் பெட்டியில் இல்லாத விஷயம் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். இந்தக் கடிதத்தை அவர் படகிலேயே அனுப்புகிறேன்.

காலையிலிருந்து அவளுக்குத் தாடை பூட்டிக்கொண்டிருக்கிறது. கரண்டிக் காம்பை வைத்து நெம்பினேன், திறக்கவில்லை. அப்பாவுக்கு வந்தது இதேதான். நான்தான் அப்போது அவருக்குத் துணியை நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியும்.

அம்மா செய்த நோய் உங்கள் இஞ்சியில் எப்படி வந்தது அத்தை?

யார் செய்தது என்று மாமா ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார். வெட்டுக்கத்தியைத் தீட்டிவிட்டார். அவர் என்னைக் கேட்கவே இல்லை. என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்.

வந்து எடுங்கள்.

சினெலா


புவேதா
10 ஜூலை 1986

சினெலா,

பதறாதே. அவள் செய்தது அவளிடமே திரும்பியிருக்கிறது. சில சமயம் அப்படி ஆகும். தேங்காயெண்ணெயைச் சூடாக்கித் தாடையின் இரண்டு பக்கமும் தேய். மூன்றாம் நாள் இளகும். இளகலாம்.

நான் வர முடியாது. தோபெலா என்னைக் கரையிலேயே வெட்டிப் போடுவான். பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த வாரம் பரீட்சையும் இருக்கிறது.

நீ யாரிடமும் எதுவும் சொல்லிவிடாதே.

பொ.


கேலோவா
11 ஜூலை 1986

அத்தை,

பரீட்சை என்று எழுதியிருக்கிறீர்கள்.

நேற்று மதியம் நான் வெளியே போனேன். வீட்டுக்குள் படுக்கவில்லை. தோணிக் கொட்டகையில், மாமாவின் பாய்மரத் துணியின் மேல் படுத்தேன். எழுந்து நின்றதும் முதலில் வீட்டைப் பார்த்தேன். வாசலில் நான் துப்பியது தெரிந்தது. விழித்த கண்ணுக்கு மஞ்சள் கறை, அவ்வளவுதான். உடம்புக்கு வெளியிலிருந்து பார்த்தால் அது கதவளவு ஒரு வாய். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. என் எச்சிலில்தான் பளபளத்தது, ஆனால் உள்ளே முணுமுணுத்துக்கொண்டிருந்தது உங்கள் குரல். அ, ஆ சொல்லிக் கொடுத்த அதே குரல். கையை விட்டுப் பிரிக்கப் பார்த்தேன். என் தாடை இறுகத் தொடங்கியது. விட்டுவிட்டேன்.

அம்மாவை எங்கே தேடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நீங்கள்தான் எழுதியிருந்தீர்களே.

உடம்போடு வரக் கூடாத ஊருக்கு உடம்பில்லாமல் வந்தேன். கல்மேட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். உடம்பில்லாத விரலால் ஒரு புல்லைப் பிடுங்க எவ்வளவு நேரம் ஆகிறது தெரியுமா? பிடிக்கிறாள், நழுவுகிறது, திரும்பப் பிடிக்கிறாள். இரண்டு வருடமாக அவள் தின்ன வந்தது இந்தப் புல்லைத்தான். விதவையும் கணவன் ஊருக்குள் வரக் கூடாது இல்லையா, அதனால்தான் மதியத்தில் வருகிறாள்.

என்னைப் பார்த்ததும், "இவ்வளவு தூரம் தனியாவா வந்த? காத்து மாறிடுச்சுன்னா?" என்று திட்டினாள். வீட்டுக்குள் நுழைய முடியவில்லை, யாரோ கட்டிவிட்டார்கள் என்றாள். யார் என்று தெரியவில்லை என்றாள்.

அப்பாவைப் பற்றிக் கேட்டேன். இந்தத் தடவை எழுந்து போக அவளுக்குத் தோட்டம் இல்லை.

"உங்கத்தை கிழங்குக் கூடையோட வந்தால்ல, அன்னிக்கு என் சுண்ணாம்புக் குடுவையை வாங்கிக் கொஞ்சம் எடுத்துக்கிட்டுக் கொடுத்தா. அடுத்த நாள் உங்கப்பாவுக்குச் சுண்ணாம்பு தீந்துபோச்சு. என்னுதைத் தொட்டாரு" என்றாள். தாடை பூட்டிய பிறகுதான் அவளுக்குப் புரிந்ததாம். அதுவும் முழுதாக இல்லை. நீங்கள் வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தீர்களாம். ஜபம் செய்கிறீர்கள் என்று நினைத்தாளாம். அடக்கம் முடிந்து வெகுநாள் கழித்துத்தான் அது ஜபம் இல்லை என்று தோன்றியதாம்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவ தப்பைச் சொன்னா என் தப்பையும் சொல்லணும்டி. அவரைப் போக விடாம கட்டி வெச்சதே நான்தான். தூங்கறப்போ முடியை வெட்டி, இலையோட முடிஞ்சு கூரையில செருகினேன். அவரு ஊருக்குப் போயிருந்தா அந்தக் குடுவையைத் தொட்டிருக்க மாட்டாரு. உங்கத்தை என்னைக் காட்டித் தின்னவ இவதான்னு சொன்னப்போ, ஆமான்னுதான் எனக்கும் பட்டுச்சு" என்றாள்.

திரும்பும்போது உங்கள் வீட்டுக் கூரைமேல் நின்றேன். நீங்கள் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தீர்கள். மடியில் பரீட்சைத் தாள் எதுவும் இல்லை. உங்கள் நெஞ்சு ஏறி இறங்குவது தெரிந்தது. எங்கே கையை விட வேண்டும் என்று அம்மா பாடத்தில் ஏற்கெனவே காட்டித் தந்துவிட்டாள். கையை நீட்டினேன் அத்தை. உங்கள் இதயத்தின் சூடு விரலில் பட்டது. நீங்கள் தூக்கத்தில் இருமினீர்கள். கட்டியவர் செத்தால் கட்டு அவிழாது என்பதால் கையை எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதுமட்டும் இல்லை. எனக்கு அது இனித்தது. அந்தப் பயத்தில்தான் எடுத்தேன்.

அம்மாவின் உடம்பு இன்று குளிர்ந்துகொண்டே வருகிறது. மாமாவே நேராகத் துடுப்புப் போட்டுக்கொண்டு இதை உங்கள் கரைக்குக் கொண்டுவந்து கொடுப்பார். நீங்கள் நோய் எடுக்கத் தெரிந்தவர், அதனால் கூப்பிடுகிறேன் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியது உங்களுடையது.

வாருங்கள்.

சினெலா


புவேதா
20 ஜூலை 1986

சினெலா,

அன்று கரையில் உன்னோடு ஒரு வார்த்தை பேசக்கூட விடாமல் என்னைத் தோணியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

தோபெலாவின் தோணியில் அவன் முன்னால், நான் பின்னால். அவன் கால்மாட்டில் கத்தி கிடந்தது. பாதிக் கடல் தாண்டியதும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "அக்கா, எப்படியாவது என் தங்கச்சியை எழுப்பிக் கொடுங்க" என்று அவன் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னான். வாயை மூடிக்கொண்டேன். அப்படி மூடிக்கொள்வது எனக்குப் பழகிப்போன ஒன்று.

உன் அம்மா சொன்னது எல்லாம் சரி. அவளுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். என் தம்பி படுத்திருக்கிறான் என்று கேட்டு ஓடி வந்தபோது வாசலிலேயே தெரிந்துவிட்டது, அது உன் அம்மாவுக்காக அவள் குடுவையில் நான் துப்பி வைத்த கட்டு என்று. காலடியில் உட்கார்ந்து மனசுக்குள் அவிழ்த்துப் பார்த்தேன். மனசுக்குள் சொன்னால் அவிழாது. வாய்விட்டுச் சொல்ல வேண்டும், துப்பியதை நாக்கால் திரும்ப எடுக்க வேண்டும். உன் அம்மா அவன் தலைமாட்டை விட்டு நகர்ந்தால் செய்துவிடலாம் என்று காத்திருந்தேன். அவள் நகரவில்லை. ஒரு தடவை தண்ணீர் எடுக்க எழுந்தாள், அப்போது நீ உள்ளே வந்துவிட்டாய். அவன் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "தள்ளுங்க, இது நான் வெச்சது" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் சொல்லவில்லை. அவமானத்துக்குப் பயந்துகொண்டு அவன் செத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு, அவள்தான் என் கட்டை அவன் பக்கம் திருப்பிவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிச் சொல்லி அதை நம்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் உட்கார்ந்து அதை நம்பினேன். உன்னிடம் இஞ்சியைக் கொடுத்தபோதும் நம்பிக்கொண்டுதான் கொடுத்தேன். அவள் வெளியே இருக்கும்போது கட்டினால் என்ன ஆகும் என்று தெரியாமலா இருந்தேன்? தெரியும். அந்த எண்ணம் வரும்போதெல்லாம் வேறு எதையாவது நினைத்துக்கொண்டேன்.

கேலோவாவில் இறங்கியதும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். தம்பியைச் சொன்னேன், குடுவையைச் சொன்னேன். "இந்த வாசல்ல துப்பினதும் நான்தான், மதியம் யாரும் பாக்காதப்போ வந்துட்டுப் போனேன்" என்றும் சொன்னேன். நீ கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாய். வாயைத் திறந்தாய். நான் உன்னைப் பார்த்தேன், மூடிக்கொண்டாய். தோபெலா கத்தியை ஓங்கிவிட்டு, "முதல்ல எடு" என்றான். ஏணியில் முட்டி போட்டு, ஊர் பார்க்க அந்தப் படியை நாக்கால் நக்கி எடுத்தேன். மரச்சிலாம்பு ஏறியது. உள்ளே அவள் இருமும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவன் வெட்டியிருந்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. அவள்தான் உள்ளேயிருந்து வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

எடுத்தது எங்காவது போக வேண்டுமே. என் தாடை இடப்பக்கம் இப்போது முழுதாகத் திறப்பதில்லை. கிழங்கைக் கரைத்துக் குடிக்கிறேன். பிள்ளைகளுக்கு என் பேச்சு விளங்காததால் பள்ளியை விட்டுவிட்டேன். இங்கே கல்மேட்டின் முன்னாலும் சொல்லிவிட்டேன். என் மகன் தன் பானையைத் தனி அடுப்புக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

உன் பங்கு என்னோடு போகட்டும். நான் சொன்னதை எல்லாரும் நம்பிவிட்டார்கள், அது அப்படியே இருக்கட்டும். நீ சின்னப் பெண், அவளோடு வாழ வேண்டியவள். சொல்லாதே.

பொனாயா அத்தை


கேலோவா
14 ஆகஸ்ட் 1986

அத்தைக்கு,

சொல்லிவிட்டேன்.

நீங்கள் கோபப்படுவீர்கள். தண்ணீரில் நின்று நீங்கள் என்னைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதி எவ்வளவு கேவலமானது என்று உங்களுக்குத் தெரியாது. ஒருவேளை உங்களுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். அம்மா எழுந்து உட்கார்ந்ததும் நான்தான் முதலில் கஞ்சி கொடுத்தேன். வந்தவர்கள் எல்லாரும், தாயைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றிய மகள் என்றார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ்வளவு தூரம் என்னைத் தேடி வந்தாளே" என்று எல்லாரிடமும் சொன்னாள். ஒவ்வொரு தடவை அவள் அதைச் சொன்னபோதும் நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு வாரம் அப்படி ஓடியது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் நானும் வேறு ஏதாவது நம்பியிருப்பேன். கூரையிலிருந்த முடியை நினைத்துக்கொண்டு, அவளுக்கு இது வேண்டியதுதான் என்று.

சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது சொன்னேன். நீங்கள் இஞ்சி அனுப்பியதை, நான் கேட்டுத்தான் அனுப்பினீர்கள் என்பதை, மென்றது என் வாய் என்பதை. அவள் கையிலிருந்த கிழங்கைச் சீவி முடித்தாள். அடுத்த கிழங்கை எடுக்கவில்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று எனக்குள் ஒரு ஆசை இருந்தது. தெரிந்திருக்கவில்லை. முகம் மாறியதைப் பார்த்தேன்.

திட்டவில்லை. "உங்கூடத் தூங்க எனக்குப் பயமா இருக்குடி" என்றாள்.

தன் பாயைச் சுருட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். மாமாவிடம் என்ன சொன்னாளோ தெரியவில்லை, அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் என் கையால் பாக்கு வாங்குவதில்லை. தோட்டத்துக்கு அம்மாவும் நானும் சேர்ந்துதான் போகிறோம். களை பிடுங்குகிறோம், கொடிக்குக் கொம்பு நடுகிறோம். வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும். மதியம் ஆனால் அவள் அங்கே, நான் இங்கே. எனக்குப் படுத்தாலும் தூக்கம் வருவதில்லை, அதனால் நான் எங்கும் போவதும் இல்லை. அது எனக்குள் வாடவில்லை அத்தை. நீங்கள் சொன்னது பொய். அப்படியே இருக்கிறது, உங்கள் நெஞ்சின் சூடும் விரலில் அப்படியே இருக்கிறது. உங்களிடம் அதற்கும் சேர்த்துத்தான் மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்களை மன்னித்தாளா என்று நான் அவளைக் கேட்கவில்லை. எனக்காகக் கேட்கவே தைரியம் இல்லாதபோது உங்களுக்காக எப்படிக் கேட்பது?

இன்று தோட்டத்திலிருந்து திரும்பும்போது பெருமழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீடுதான் பக்கம். ஏணியடியில் கொஞ்சம் தயங்கிவிட்டு அம்மா ஏறினாள். அந்தப் படியைத் தாண்டும்போது காலைச் சற்று உயர்த்தி வைத்தாள். துணி மாற்றினோம். சாப்பிட்டோம். மழை விடவில்லை. நான் என் பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அவள் படுக்கவில்லை, தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் கண்ணை மூடவில்லை. அவளும் மூடவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

"தள்ளிப் படு" என்றாள்.

தள்ளினேன். பாயின் அந்த ஓரத்தில் என்னைப் பார்த்தபடி படுத்தாள். நானும் அவள் பக்கம் திரும்பினேன். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம் இருந்தது. அவள் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. வாயில் ஒன்றும் இல்லை என்று காட்டுவதற்காகச் சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் இமை இறங்கியது, சட்டென்று திறந்தது, திரும்ப இறங்கியது. ரொம்ப நேரத்துக்குப் பிறகு திறக்கவே இல்லை.

நான் அசையவில்லை. ஒரு கை எனக்கு அடியில் மாட்டி மரத்துப்போயிருந்தது, அதைக்கூட எடுக்கவில்லை. அவள் தானாக விழித்து எழுந்து, பானையில் தண்ணீர் மொள்ளும்வரை அப்படியே கிடந்தேன்.

சினெலா